மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல்: திரும்பப் பெறப்பட்ட மசோதாவும் 1960ஆம் ஆண்டுச் சட்டமும்

ருக்மிணி தேவி அருண்டேல் (29 பிப்ரவரி 1904 – 24 பிப்ரவரி 1986) பரதநாட்டியக் கலைஞர், கலாக்ஷேத்திராவை நிறுவியவர். 1952 ஏப்ரல் முதல் 1962 ஏப்ரல் வரை இந்திய நாடாளுமன்றத்தின் மேலவையில் நியமன உறுப்பினராக இருந்தார். எந்தக் கட்சியின் கொறடாவுக்கும் கட்டுப்படாத உறுப்பினராக, விலங்குவதைத் தடுப்புக்காக 1953இல் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆயினும் இன்று நடைமுறையிலுள்ள 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அந்த மசோதாவின் வழியாகப் பிறந்ததே. நடன வரலாற்றில் அவரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நாடாளுமன்றப் பணியோ பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. இக்கட்டுரை அந்த ஒரு வரியை விரித்துப் பார்க்கிறது.

பன்னிருவரில் ஒருவர்

அரசியலமைப்பின் 80ஆவது பிரிவு, இலக்கியம், அறிவியல், கலை, சமூகப்பணி ஆகிய துறைகளில் தனி அறிவோ நடைமுறை அனுபவமோ உடைய 12 பேரை மேலவைக்கு நியமிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. 1952இல் அமைந்த முதல் அவையின் மொத்த எண்ணிக்கை 216. அவர்களில் 204 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எஞ்சிய 12 பேர் நியமனம் பெற்றவர்கள். அந்தப் பன்னிருவர் பட்டியல் இன்று படிக்கும்போதும் வியப்பளிப்பது. இயற்பியலாளர் சத்தியேந்திரநாத் போஸ், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜாகிர் உசேன், சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், இந்திக் கவிஞர் மைதிலி சரண் குப்த், நடிகர் பிருத்விராஜ் கபூர், காந்தியவாதி காகா காலேல்கர் ஆகியோர் அதில் இருந்தனர். அப்பட்டியலில் இருந்த ஒரே பெண் ருக்மிணி தேவி.

பம்பாய் ஹாப்கின் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த சாகிப் சிங் சோக்கியும் அதே பட்டியலில் இடம்பெற்றார். தடுப்பூசிகளும் பாம்புக்கடி முறிமருந்தும் தயாரித்த நிறுவனம் அது. அத்தகைய ஆய்வகங்கள் விலங்குகளைச் சார்ந்தே இயங்கின. விலங்குகள்மீது ஆய்வு நடத்தலாமா என்ற கேள்வியின் இரு கரைகளும் ஒரே நியமன ஆணையில் இருந்தன என்று சொல்லலாம்.

அவை தொடங்கியபோது அதன் பெயர் ஆங்கிலத்தில் மாநிலங்கள் மன்றம் என்ற பொருளில்தான் வழங்கியது. ராஜ்ய சபா என்ற பெயரை அவைத்தலைவர் ராதாகிருஷ்ணன் அறிவித்தது 1954 ஆகஸ்ட் 23 அன்று. ஆகவே ருக்மிணி தேவி மசோதாவை அறிமுகப்படுத்தியதும் திரும்பப் பெற்றதும் அவைக்கு இன்றைய பெயர் வருமுன்னரே.

முதல் அவையின் உறுப்பினர்கள் இரண்டு, நான்கு, ஆறு ஆண்டுகள் எனப் பிரிக்கப்பட்டுப் படிப்படியாக ஓய்வு பெற்றனர். ருக்மிணி தேவிக்கு முதலில் நான்கு ஆண்டுகள் கிடைத்தன. 1956இல் மீண்டும் நியமனம் பெற்று 1962 வரை நீடித்தார்.

நியமன உறுப்பினரும் சுயேச்சையும்

பேச்சு வழக்கில், கட்சி சாராத உறுப்பினர் எல்லாரையும் சுயேச்சை என்றே சொல்கிறோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. கட்சிச் சின்னம் இல்லாமல் தேர்தலில் வென்றவர் சுயேச்சை. குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டவர் நியமன உறுப்பினர். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. சுயேச்சையாக வென்றவர் பின்னர் எந்தக் கட்சியிலும் சேர்ந்தால் பதவி பறிபோகும். நியமன உறுப்பினரோ பதவியேற்ற ஆறு மாதங்களுக்குள் ஒரு கட்சியில் சேரலாம். 1952இல் இந்த விதிகள் எவையும் இல்லை. ருக்மிணி தேவி எந்தக் கட்சியிலும் சேராமல் பத்தாண்டுகளையும் கழித்தார்.

நியமன உறுப்பினர் அவையில் பேசலாம், வாக்களிக்கலாம், மசோதா கொண்டுவரலாம். குடியரசுத் தலைவர் தேர்தலில் மட்டும் அவருக்கு வாக்கு இல்லை. இவையெல்லாம் தாளில் உள்ள உரிமைகள். நடைமுறையில் கட்சி சாராதவருக்கு இல்லாதது ஒன்று உண்டு: எண்ணிக்கை. கொறடா அவரைக் கட்டுப்படுத்துவதில்லை என்றால், அவருக்காக யாரையும் திரட்டித் தருவதும் இல்லை.

தனிநபர் மசோதா என்னும் வழி

அமைச்சர் அல்லாத எந்த உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவும் தனிநபர் மசோதா எனப்படும். வாரத்தின் கடைசி அமர்வு நாளான வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், உறுப்பினர்கள் பலர் ஊருக்குக் கிளம்பிவிட்ட நேரத்தில், இவற்றுக்கு இடம் கிடைக்கிறது. 1952 முதல் இன்றுவரை இவ்வழியில் இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானவை 14 மட்டுமே. கடைசியாக அப்படிச் சட்டமானது 1970இல். பெரும்பாலான மசோதாக்கள் விவாதத்துக்கே வருவதில்லை. வந்தாலும் அமைச்சரின் பதிலுக்குப் பிறகு திரும்பப் பெறப்படுகின்றன.

இந்தக் கணக்கில் ருக்மிணி தேவியின் மசோதா தோல்விகளின் பட்டியலில்தான் சேரும். அந்தப் பதினான்கில் அது இல்லை. ஆனால் தனிநபர் மசோதாவின் பயனை நிறைவேறியவற்றின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறைகள்

விலங்குவதைக்கு எதிரான சட்டமே இந்தியாவில் இல்லாமல் இருந்ததில்லை. கல்கத்தாவில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1861இலேயே தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்திய அரசு 1890இல் ஒரு சட்டம் இயற்றியது. நகரத் தெருக்களில் வண்டி இழுக்கும் மாடும் குதிரையும் அடிபடுவதைப் பார்த்துச் சகியாதவர்களின் சட்டம் அது. அதன் எல்லைகளும் அப்படியே அமைந்தன. பெரும்பாலும் நகராட்சி எல்லைக்குள் மட்டுமே அது செல்லுபடியானது. கிராமம் வெளியே நின்றது. விலங்கு என்பதற்கு வீட்டில் வளர்க்கப்படுவது அல்லது பிடித்து அடைக்கப்பட்டது என்று மட்டும் பொருள் கொண்டது. வதை என்று அது கணக்கிட்ட செயல்களும் குறைவு, தண்டனையும் போதாது. இக்குறைகள் பலவற்றையும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான அரசின் நோக்கக் குறிப்பே பின்னர் ஒப்புக்கொண்டது.

ருக்மிணி தேவி இந்தக் கேள்விக்கு வந்த வழி வேறு. தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு உடையவர். அதன்வழி அடையாற்றுச் சூழலில் வளர்ந்த ருக்மிணி தேவி, 1920இல் அச்சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். எல்லா உயிரும் ஒன்று என்பதும் புலால் மறுப்பும் அங்கே அன்றாடப் பேச்சு. 1935இல் அச்சபையின் வைரவிழாவில் மேடையேறி ஆடிய பெண்ணும், 1953இல் அவையில் காளை மாட்டுக்காகவும் குரங்குக்காகவும் மசோதா கொண்டுவந்த உறுப்பினரும் வேறு வேறு ஆட்கள் அல்லர். பரதநாட்டிய மறுமலர்ச்சியில் அவரது பங்கு குறித்துக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. அவை இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்பவை.

1954: திரும்பப் பெறுதல்

மசோதா 1953இல் அறிமுகமாகி, 1954 மார்ச்சில் விவாதத்துக்கு வந்தது. பிரதமர் நேருவே எழுந்து பேசினார். ஓர் உறுப்பினரின் தனி மசோதாவுக்குப் பிரதமர் நேரடியாகப் பதில் சொல்வது சாதாரண நிகழ்ச்சி அன்று. மசோதாவின் நோக்கத்தை அவர் ஏற்றார். ஆனால் இந்தப் பொருளை ஆராய ஒரு குழு அமைப்பதாகவும், அதன் பின் அரசே சட்டம் கொண்டுவரும் என்றும் கூறி, மசோதாவைத் திரும்பப் பெறக் கேட்டுக்கொண்டார். ருக்மிணி தேவி சம்மதித்தார்.

அந்நேரத்தின் அரசியலை மறந்துவிட்டு இதைப் படிக்க முடியாது. விலங்கு என்று பேச்சு எடுத்தாலே பசு என்று காதில் விழுந்த காலம் அது. பசுவதைத் தடை கோரி சேட் கோவிந்த தாஸ் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 1955 ஏப்ரலில் நேரு கடுமையாக எதிர்த்தார், அது தோற்கடிக்கப்பட்டது. கால்நடைப் பாதுகாப்பு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்பது அரசின் வாதங்களில் ஒன்று. விலங்குவதைத் தடுப்போ பொதுப்பட்டியலின் 17ஆவது இனம். நாடாளுமன்றம் அதில் சட்டம் இயற்றத் தடையில்லை. ருக்மிணி தேவியின் மசோதா ஒரு விலங்கைப் பற்றியதன்று, வதை என்னும் செயலைப் பற்றியது. ஒரே பிரதமரின் முன் ஓராண்டு இடைவெளியில் வந்த இரு மசோதாக்களில், ஒன்று வாக்கெடுப்பில் வீழ்ந்தது. மற்றொன்று வாக்குறுதி பெற்றுத் திரும்பியது.

அவர் பிடிவாதம் பிடித்து வாக்கெடுப்புக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. ஆளுங்கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை இருந்த அவையில் மசோதா தோற்றிருக்கும். கதை அங்கேயே முடிந்திருக்கும். திரும்பப் பெற்றதால் பிரதமரின் சொல் அவைக் குறிப்பில் ஏறியது. கட்சி சாராத ஓர் உறுப்பினர் அரசிடமிருந்து பெறக்கூடிய அதிகபட்சம் பெரும்பாலும் இவ்வளவே. அதன் விலையும் சிறிதன்று. மசோதாவைக் கொடுத்தவர் அதன் வாசகத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். எதை வைப்பது, எதை விடுவது என்பது இனி அமைச்சகத்தின் முடிவு.

காத்திருந்த ஆண்டுகள்

குழு அமைந்தது, பழைய சட்டத்தின் குறைகளைப் பட்டியலிட்டது. அரசு அதில் ஏற்கத்தக்கவற்றை மட்டும் ஏற்றது. மசோதாவாக அது உருப்பெற்றது 1959இல்.

இடைப்பட்ட காலத்தில், இச்சட்டம் தொட வேண்டிய மிகக் கடினமான கேள்வி விமான நிலையத்தில் வந்து நின்றது. சால்க்கின் போலியோ தடுப்பூசி, ரீசஸ் இனக் குரங்கின் சிறுநீரகச் செல்களில் வளர்க்கப்பட்ட வைரஸைக் கொண்டு தயாரிக்கப்பட்டது. அக்குரங்குகள் இந்தியாவிலிருந்து பல்லாயிரக்கணக்கில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றன. 1955 ஜனவரியில் இலண்டன் விமான நிலையத்தில் கொண்டுசெல்லப்பட்ட குரங்குகள் ஏறத்தாழ 400 மூச்சுத் திணறி இறந்தன. செய்தி பரவியதும் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. தடுப்பூசித் தயாரிப்பு முடங்கும் என்ற முறையீடு வந்தபின், நிபந்தனைகளுடன் சில வாரங்களிலேயே தடை தளர்ந்தது.

இங்கே எளிய பதில் கிடையாது. ஒரு பக்கம் இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிய குழந்தைகள். மறுபக்கம் மரப்பெட்டிக்குள் அடைபட்டுக் கடல் கடந்த குரங்குகள். ருக்மிணி தேவி ஏற்றுமதியை எதிர்த்தவர்களின் வரிசையில் நின்றார். கடைசிவரை அந்த நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய கருத்தை முழுமையாக ஏற்க இயலாதவர்களும், பெட்டியில் காற்று புக வழி வேண்டும் என்பதை மறுக்க முடியாது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் வந்து நின்றது: செயலைத் தடுக்கவில்லை, முறையைக் கட்டுப்படுத்தியது.

சட்டத்தில் கிடைத்ததும் கிடைக்காததும்

குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 1960 டிசம்பர் 26 அன்று கிடைத்தது. அவ்வாண்டின் 59ஆம் எண் சட்டம் அது.

முதல் மாற்றம் ஒரு சொல்லில் இருந்தது. விலங்கு என்றால் மனிதன் நீங்கலாக எந்த உயிரினமும் என்று புதிய சட்டம் வரையறுத்தது. வளர்ப்பு விலங்கு, அடைபட்ட விலங்கு என்ற பழைய வேலி நீங்கியது. நகராட்சி எல்லையும் நீங்கியது. அடித்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், நோயுற்றதை வேலை வாங்குதல், அசைய முடியாத கூண்டில் அடைத்தல், போதிய தீனியும் நீரும் தராதிருத்தல் எனப் பல செயல்கள் 11ஆவது பிரிவில் வதையாகப் பட்டியலிடப்பட்டன. வித்தை காட்டப் பயன்படும் விலங்குகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தனி இயல் வந்தது. குறிப்பிட்ட விலங்குகளை வித்தைக்குப் பழக்கக்கூடாது என்று அரசு அறிவிக்க 22ஆவது பிரிவு இடம் தந்தது. அன்று கரடியாட்டியையும் குரங்காட்டியையும் சர்க்கஸ்காரரையும் நினைத்து எழுதப்பட்டிருக்கக்கூடிய பிரிவு இது. அரை நூற்றாண்டு கழித்துத் தமிழ்நாட்டை உலுக்கப்போவது இதுதான் என்று அப்போது எவரும் எண்ணியிருக்க முடியாது.

கறவைக்காரர் சிலர் பசுவின் பிறப்புறுப்பில் காற்றையோ வேறு பொருளையோ செலுத்திக் கடைசிச் சொட்டுப் பாலையும் கறக்கும் வழக்கம் இருந்தது. வடநாட்டில் இதற்குப் பூக்கா என்று பெயர். 12ஆவது பிரிவு இதற்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் 1000 ரூபாய்வரை அபராதமும் விதித்தது. சட்டத்திலேயே மிகக் கடுமையான தண்டனை இதுதான்.

இனிக் கிடைக்காதவை. புதிய கண்டுபிடிப்புக்காகவும் உயிர் காக்கும் அறிவுக்காகவும் விலங்குகள்மீது நடத்தும் ஆய்வு சட்டவிரோதம் ஆகாது என்று 14ஆவது பிரிவு சொல்லிவிட்டது. ஆய்வுகளைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கலாம் என்ற 15ஆவது பிரிவு, ஆய்வை எதிர்த்தவர்களுக்குக் கிடைத்த ஆறுதல். மதம் வகுத்த முறையில் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்றது 28ஆவது பிரிவு. கொம்பு நீக்குதல், காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல் ஆகியவை விதித்த முறைப்படி நடந்தால் விலக்குப் பெற்றன. தெருநாய்களைக் கொல்வதற்கும் விலக்கு இருந்தது.

சட்டத்தின் உயிர்நாடி அதன் தொடக்க வரியில் இருக்கிறது. விலங்குகளுக்குத் தேவையற்ற வலியும் துன்பமும் இழைக்கப்படுவதைத் தடுப்பதே நோக்கம் என்கிறது அது. தேவையற்ற என்ற அடைமொழியே சட்டத்தை நிறைவேற்ற வைத்தது. அதுவே அதைத் தளர்வாகவும் ஆக்கியது. தேவை எது என்பதை யார் சொல்வது என்ற வழக்கு அன்று தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

அவைக்குப் பிறகு

1962 ருக்மிணி தேவியின் வாழ்வில் பல கதவுகள் ஒன்றாகத் திறந்து மூடிய ஆண்டு. ஏப்ரலில் உறுப்பினர் பதவி முடிந்தது. கலாக்ஷேத்திரா அடையாற்றிலிருந்து திருவான்மியூர் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் அவரே. வாரியத்தின் தலைமையகம் தில்லியில் அன்றி சென்னையில் அமைந்தது.

சட்டம் இயற்றத் தூண்டியவரே அதைச் செயல்படுத்தும் அமைப்பின் தலைமையில் அமர்வது அபூர்வம். 1986இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வாரியத்துக்கு அறிவுரை கூறும் அதிகாரம் உண்டு, காவல் துறையின் அதிகாரம் இல்லை. விலங்குக் காப்பகங்களுக்கு நிதியுதவி, விதிகள் பற்றிய பரிந்துரை, இறைச்சிக்கூடங்களைச் சீர்செய்வது பற்றிய ஆலோசனை என்று பணி நீண்டது.

1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய விரும்பியபோது அவர் மறுத்துவிட்டார். நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே மொரார்ஜி அரசுதான் 1978 ஏப்ரல் முதல் குரங்கு ஏற்றுமதிக்கு முற்றாகத் தடை விதித்தது. அவையில் இருந்த பத்தாண்டுகளில் கிடைக்காதது, அவையை விட்டு நீங்கிப் பதினாறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.

சட்டத்தின் பின்வாழ்வு

தமிழ்நாட்டு வாசகர் இச்சட்டத்தைப் பெயர் தெரியாமலே அறிந்திருப்பார். 2011 ஜூலையில் மத்திய அரசு 22ஆவது பிரிவின்கீழ் காளையையும் வித்தைக்குப் பயன்படுத்தக்கூடாத விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது. விலங்குகள் நல வாரியம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது; தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தைச் செல்லாது என்றது. 2017 ஜனவரியில் மெரினாவில் மாணவர்கள் கூடினர். 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு ஒரு திருத்தம் இயற்றி ஜல்லிக்கட்டுக்கு விலக்களித்தது. அத்திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

அடையாற்றில் வாழ்ந்த ஒருவர் தொடங்கிவைத்த சட்டம், சென்னையில் இயங்கிய ஒரு வாரியம், மெரினாவில் திரண்ட கூட்டம் ஆகிய மூன்றும் ஒரே நகரத்தின் கடற்கரையோரம் சந்தித்துக்கொண்டன. போராட்டத்தின்போது வாரியத்தை வெளியாருடையது என்று பலர் நினைத்ததுண்டு. அதன் பிறப்பிடம் சென்னை. அதன் தலைமையகம் 2018இல் அரியானாவின் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது.

மேலவையில் இதே வகையான கதை பின்னரும் ஒருமுறை நடந்தது. திமுகவின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று ஒருமனதாக நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு போன்ற, தனிநபர் மசோதாவில் இருந்த கூறுகள் அதில் விடுபட்டன. சிவா கட்சி உறுப்பினர், ருக்மிணி தேவி கட்சி சாராதவர். இருவர் மசோதாவும் அரசின் கைக்குப் போய்த் திரும்பியபோது மெலிந்திருந்தன.

தண்டனைப் பிரிவு ருக்மிணி தேவியின் காலத்திலேயே, 1982இல், திருத்தப்பட்டது. அதன்படி விலங்கை வதைத்த முதல் குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய்வரை அபராதம், அல்லது மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் இத்தொகை போதாது என்று சுட்டிக்காட்டி, நாடாளுமன்றம் உரிய திருத்தம் செய்யும் என எதிர்பார்த்தது. 2022 நவம்பரில் மத்திய அரசு தண்டனையை உயர்த்தும் திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது.